கண்ணாடி வைத்த கதவு

பெருமாயியின் வீட்டுக் கதவை ஊரே கூடி நின்று கழற்றியபோது அவள் அழவில்லை. அழுதிருந்தால் ஊருக்கு ஒரு நிம்மதி கிடைத்திருக்கும். அந்த நிம்மதியைக் கொடுக்க அவளுக்கு மனமில்லை.

அரியூர் நாட்டில் இருபத்திரண்டு வீடுள்ள சிற்றூர் அது. அங்கே ஒருவரை வீட்டைவிட்டுக் கிளப்ப வேண்டுமானால் அடிக்க மாட்டார்கள், வைய மாட்டார்கள். நாலு பேர் வந்து கதவைக் கழற்றி ஊர்க்கவுண்டர் வாசலில் சாத்தி வைத்துவிடுவார்கள். கதவில்லாதது வீடில்லை, வீடில்லாத இடத்தில் ஆள் குடியிருக்கக் கூடாது. பேச்சு அதோடு முடிந்தது. ஊர்க்கவுண்டர் அண்ணாமலை அவள் புருஷனுக்கு அண்ணன். தம்பி மலைக்காய்ச்சலில் போய்ச் சேர்ந்து கருமாதிச் சோறு ஆறுவதற்குள், அந்த வீட்டில் தன் மகனைக் குடிவைக்கலாமே என்று அவருக்குத் தோன்றிவிட்டது. பிள்ளை இல்லாதவளுக்குத் தனி வீடு எதற்கு, பிறந்த ஊருக்குப் போகட்டும் என்றார். பிறந்த ஊரில் அவளுக்கு அப்பனும் இல்லை ஆத்தாளும் இல்லை என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். அன்றிலிருந்து அவரை மாமா என்று கூப்பிடுவதை அவள் நிறுத்திவிட்டாள்.

முதல் மாதம் நாய் படாத பாடு. ஒருநாள் ஒருத்தர் ஆட்டுப்பட்டி, மறுநாள் பலாமரத்தடி. பட்டிக்காரன் ஆட்டைத் திறந்துவிட வரும்போது இவளையும் சேர்த்து ஓட்டினான். மழை பிடித்துக்கொண்ட மூன்றாம் வாரம், ஊருக்குக் கீழே சரிவில் இருந்த பாறைப் புடவு நினைவுக்கு வந்தது. தேனெடுக்கப் போகும்போது அவள் புருஷன் ஒதுங்கும் இடம். மேலே பாறையே கூரை, மூன்று பக்கமும் பாறையே சுவர். முன்பக்கம் மட்டும் காற்றுக்கும் கரடிக்கும் திறந்து கிடந்தது. சரி, ஒரு பக்கத்தை அடைக்க எனக்குத் தெரியாதா என்று அரிவாளோடு உள்ளே போனாள்.

மூங்கிலை வெட்டிப் பிளந்து தட்டியாக முடைந்தாள். ஓணான்கொடியை ஊறவைத்து இறுகக் கட்டினாள். மேட்டிலிருந்து கசிந்த ஊற்றை, கணு உடைத்த மூங்கில் குழாய் வழியே வாசலுக்குக் கொண்டுவந்தாள். தீப்பெட்டிக்கு எங்கே போவது? காய்ந்த எருவுக்குள் நெருப்புக் கங்குகளைப் பொதிந்து வைத்து, ஒரு நாளும் அணையவிடாமல் பார்த்துக்கொண்டாள். மற்றதெல்லாம் ஊர்க் குப்பைமேடு கொடுத்தது. கிழிந்த கோணியைச் செம்மண் குழம்பில் தோய்த்துத் தட்டிமேல் அப்பினாள். காய்ந்ததும் சுவர் கல்லாக நின்றது. உடைந்த பானையின் கழுத்தைச் சுவரில் பதித்தாள். புகை போக வழி கிடைத்தது. தட்டி நிமிர்த்திய மண்ணெண்ணெய்த் தகரம் சாரலைத் தடுத்தது. விரிசல் விட்ட ஆட்டுக்கல்லை உருட்டிக்கொண்டு வந்து வாசற்படியாகப் போட்டாள். ஊர் வேண்டாமென்று எறிந்த ஒவ்வொன்றையும் எடுக்கும்போது அவளுக்கு ஒரு வீம்பு ஏறியது. என்னையும்தானே எறிந்தீர்கள், இருங்கள் காட்டுகிறேன் என்று குப்பைமேட்டைப் பார்த்தே சொன்னாள்.

ஒரு நாள் அண்ணாமலை இறங்கிவந்து சுவரைத் தட்டிப் பார்த்தார். நன்றாக இருந்தது. அதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை.

"கதவில்லாததெல்லாம் ஊடா? சாமை அறுப்பு முடியட்டும். இதைப் பிரிச்சுப்புட்டு மாட்டுப்பட்டி போட்டுடுவேன்" என்றார்.

மறுநாளே அவள் மூங்கில் தட்டியில் ஒரு கதவு செய்து மாட்டினாள். அதற்கு மறுநாள் இரண்டு பேர் வந்து, தட்டிக்குப் பேர் கதவில்லை என்று அதைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்தார்கள். பெருமாயி பள்ளத்தை எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றாள். யாராலும் கழற்ற முடியாத கதவு ஒன்று வேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தாள்.

சேந்தமங்கலத்தில் அமீர் பாஷா கடுக்காயும் தேன்மெழுகும் வாங்கி விற்கிறவர். அவர் கடைக்குப் பின்னால் ஒரு லாரி துருப்பிடித்துக் கிடந்தது. மரத்தில் மோதியதில் அதன் மூஞ்சி நசுங்கிப்போக, இஞ்சினையும் சக்கரத்தையும் எடுத்துக்கொண்டு கூட்டை விட்டுவிட்டார்கள். இரண்டு கூடைக் கடுக்காயைக் கொட்டிவிட்டு, அந்த லாரியின் கதவு வேண்டும் என்றாள் பெருமாயி. பாஷா அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"ஏம்மா, வண்டியே இல்லாம கதவு மட்டும் எதுக்கு?"

"ஊடு இருக்குதுங்க. கதவுதான் இல்லீங்க."

பாஷா கதவைக் கீலோடு கழற்றிக் கொடுத்தார். வீட்டில் எப்படி முடுக்குவாய் என்று கேட்டு, திருகாணி முடுக்கும் திருப்புளியையும் ஒரு நடைக்கு இரவல் தந்தார். அடுத்த முறை கடுக்காய் கொண்டுவரும்போது திருப்பித் தந்தால் போதும் என்றார்.

பச்சை வண்ணக் கதவு. சும்மாடு கட்டித் தலையில் வைத்துக்கொண்டு மலையேறினாள். பாதி வழியில் கழுத்து இற்றுவிடும் போலிருந்தது. காற்றடித்தபோது கதவு அவளையும் சேர்த்துச் சுழற்றியது. செங்குத்தான இடங்களில் இறக்கி, கொடி கட்டி இழுத்தாள். ஒன்றரை நாள். பாறை இடுக்கில் பலாமரக் கட்டையை ஆப்படித்து இறுக்கி, அதில் கீலை வைத்து முடுக்கினாள். கதவு குட்டைதான், குனிந்துதான் நுழைய வேண்டும். மலையில் யார்தான் நிமிர்ந்து நுழைகிறார்கள்? உள்பக்கம் ஒரு கைப்பிடி இருந்தது. அதைச் சுற்றினால் கண்ணாடி ஏறும், இறங்கும். முதல் நாள் அதைச் சுற்றிச் சுற்றித் தனியே சிரித்தாள்.

ஊருக்கு வெறும் வாயில் அவல் விழுந்தது. லாரி எப்போது கிளம்பும், முன்சீட்டு காலியா என்று கேட்டுக்கொண்டு போனார்கள். முந்தி வந்த அதே இரண்டு பேர் மறுபடி வந்தார்கள். இழுத்தார்கள், உதைத்தார்கள், கடப்பாரையை நுழைத்துப் பார்த்தார்கள். முடுக்கிய திருகாணி அசையவில்லை. அதைக் கழற்றும் திருப்புளி பாஷா கடைக்குத் திரும்பிப் போயிருந்தது. அண்ணாமலை பல்லைக் கடித்துக்கொண்டு, அறுப்பு முடியட்டும், சுவரோடு இடிக்கிறேன் என்றார். அறுப்புக்கு இருபது நாள்தான் இருந்தது. அவளோ அரிவாளைத் தீட்டி வாசலில் செருகி வைத்தாள்.

இப்படி இருக்கும்போதுதான் செம்மேட்டுச் சந்தையிலிருந்து ஒரு சேதி வந்தது. சர்க்கார் ஆள் ஜனக்கணக்கு எடுக்க வருகிறானாம். வீட்டுக்கு வீடு கதவில் தாரால் நம்பர் போடுகிறானாம். சீமையில் சண்டை நடக்கிற நேரம். நம்பர் போட்ட வீட்டுக்கு ஒரு ஆளைப் பட்டாளத்துக்குப் பிடித்துக்கொண்டு போவார்கள் என்று யாரோ சொல்ல, ஊர் நடுங்கிப்போனது. அண்ணாமலை யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தார். கதவிருந்தால்தானே நம்பர் போடுவான்? எல்லாக் கதவையும் கழற்றிக் காட்டுக்குள் ஒளித்து வையுங்கள் என்றார். ஊரும் செய்தது. அவர் வீட்டுக் கதவுதான் முதலில் போனது. பெருமாயிக்கு யாரும் சொல்லவில்லை. அவளைத்தான் ஆளாகவே சேர்ப்பதில்லையே.

கணக்கெடுக்கும் குப்புசாமி தார் டின்னும் தூரிகையுமாக மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். வீடுகளைப் பார்த்தார். அடுப்பு புகைகிறது, கோழி மேய்கிறது, ஒன்றுக்கும் கதவில்லை. இதெல்லாம் என்ன என்று கேட்டார்.

"பட்டிங்க. கதவில்லாதது ஊடில்லீங்க. எங்க ஊரு வழக்கம்" என்றார் அண்ணாமலை.

குப்புசாமி எத்தனையோ ஊர் பார்த்தவர். சிரிக்காமல் தலையாட்டினார். அப்போது கீழே சரிவில் வெயில் பட்டு ஒரு கண்ணாடி பளிச்சென்று அடித்தது. அது என்ன என்று கேட்டுக்கொண்டே இறங்கினார். பின்னால் ஊரே இறங்கியது.

பெருமாயி குனிந்து வெளியே வந்தாள். தனி வாசல், தனி அடுப்பு. இது வீடுதான் என்றார் குப்புசாமி. பச்சைக் கதவில் கொழுகொழுவென்று ஒன்றாம் நம்பர் எழுதினார். வீட்டுத் தலைவர் பேர் கேட்டார்.

"பெருமாயி. நானேதானுங்க."

எழுதிக்கொண்டு அண்ணாமலையைப் பார்த்தார். "அப்ப இந்த ஊருல ஒரே ஊடு, ஒரே ஆளு. மத்ததெல்லாம் ஆளில்லாத இடம். அப்படியே எழுதிடறேனுங்க."

அண்ணாமலை முகத்தில் ஈயாடவில்லை. ஆளில்லாத இடம் என்று காகிதத்தில் ஏறினால் நாளைக்குக் காட்டிலாகா வந்து கல் நடும் என்பது மலையில் பிறந்த எவனுக்கும் தெரியும். பட்டாளத்துக்குப் போனவனாவது திரும்பி வரக்கூடும். போன நிலம் வராது. ஐயா, அதெல்லாம் வீடுதான், கதவு காட்டுக்குள் இருக்கிறது என்று அவர் குழற, இதுவரை பட்டி என்றீர்கள், இனி உங்கள் பேச்சை எப்படி நம்புவது என்றார் குப்புசாமி. பிறகு பெருமாயி பக்கம் திரும்பினார்.

"என் கணக்குப் புத்தகத்துல இந்த ஊருக்கு இருக்கறது நீ ஒருத்திதானம்மா. நீயே சொல்லு. மேல இருக்கறது ஊடா, பட்டியா?"

அவளுக்கு ஆட்டுப்பட்டி ஞாபகம் வந்தது, பலாமரத்தடி மழை வந்தது, பள்ளத்தில் விழுந்த மூங்கில் தட்டி வந்தது. பட்டி என்று ஒரு சொல் சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது. இருபத்திரண்டு வீட்டுப் பெண்களும் இடுப்பில் பிள்ளைகளோடு அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கவுண்டருங்க முதல்ல சொல்லட்டுங்க. இது என்னன்னு" என்று தன் கதவைத் தட்டிக் காட்டினாள்.

அண்ணாமலை தரையைப் பார்த்தார். "ஊடுதான்" என்றார்.

"எல்லாருக்கும் கேக்கறாப்புல."

"ஊடுதான். பெருமாயி ஊடு."

அவள் குப்புசாமியிடம் திரும்பினாள். "மேல இருக்கறதெல்லாம் ஊடுதானுங்க. கதவைக் கழட்டிப்புட்டா ஊடு இல்லாமப் போயிருமா? அப்படிச் சொன்னவங்க வாயி புழுத்துப்போகும்."

காட்டுக்குள்ளிருந்து கதவுகள் ஓட்டமாக வந்தன. அண்ணாமலை வீட்டுக்கு இரண்டாம் நம்பர் விழுந்தது. அந்தியில் அவர் ஒரு பழைய கதவைத் தானே சுமந்துகொண்டு சரிவில் இறங்கி வந்தார். முன்பு அவள் வீட்டிலிருந்து கழற்றி, அங்கே மகனுக்குப் புதுக் கதவு போட்டதால் அவர் வாசலிலேயே சாத்திக் கிடந்த கதவு. இனி இடிக்கிற பேச்சில்லை, இதையும் வைத்துக்கொள் என்றார்.

பெருமாயி வீட்டுக்குள் உட்கார்ந்திருந்தாள். கண்ணாடி வழியே அவரையும் கதவையும் பார்த்தாள்.

"கொண்டுபோயி உங்க மாட்டுப்பட்டிக்குப் போடுங்க. எனக்குக் கண்ணாடி வச்ச கதவே இருக்குதுங்க."

சொல்லிவிட்டுக் கைப்பிடியைச் சுற்றினாள். பாதி இறங்கியிருந்த கண்ணாடி மெல்ல ஏறி மூடிக்கொண்டது.