உப்பு பார்க்கிற உருண்டை

எண்ணெயில் போட்ட முதல் உருண்டை அப்படியே அவிழ்ந்துபோனது. ஜெரூஷா கரண்டியால் ஓரம் தள்ளி ஒட்டவைக்கப் பார்த்தாள். அது இன்னும் நாலாகப் பிரிந்து சடசடவென்று அவள் மணிக்கட்டில் தெறித்தது. அடுப்பை அணைத்துவிட்டு, "சனியன்" என்றாள்.

"விடும்மா. தூளா இருந்தா இன்னா, சோத்துல பெசஞ்சு துன்னுடலாம்" என்றார் அப்பா சுவிசேஷமுத்து, கூடத்திலிருந்து. கறியை வாங்கி வந்தது அவர்தான். பொழிச்சலூரில் கிறிஸ்துமஸுக்கென்று நாலைந்து வான்கோழி வளர்க்கும் வேதசிரோமணி வீட்டில் ஒன்றை அறுத்துப் பங்கு போட்டிருந்தார்கள். வந்த பங்கைக் கடையில் கொடுத்துக் கொத்தி வாங்கி வந்திருந்தார். கோலா உருண்டைக்கு ஆட்டுக்கறிதானே என்று அவர் கேட்டதற்கு, இதில்தான் வேண்டும் என்று மட்டும் சொன்னாள். ஏனென்று சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும்.

காரணம் அம்மா அனுப்பிய போட்டோ. குவைத்தில் அம்மா வேலை பார்க்கும் வீட்டில், வெள்ளைத் தட்டில், குட்டிக் குட்டியாகப் பொன்னிற உருண்டைகள். 'இங்க வான்கோழிக் கறி கொத்தியே டப்பாவுல வருது. அரை மணியில செஞ்சுடுவேன். சனிக்கிழமைன்னா பாப்பாவுக்கு இதான் வேணும்' என்று ஒரு குரல் செய்தி. ஜெரூஷா அதை மேடவாக்கம் சிக்னலில், தண்ணீர் லாரிக்குப் பின்னால் நின்ற ஆபீஸ் வண்டியில் உட்கார்ந்து மூன்று முறை கேட்டாள். அந்த வீட்டுப் பிள்ளை தின்பதை நானும் தின்ன வேண்டும், அது தின்கிற அதே நேரத்தில். அவ்வளவுதான் தோன்றியது.

அம்மா போய் ஏழு வருடம் ஆகிறது. இவளை இன்ஜினியரிங் சேர்ப்பதற்காகப் போனவள். படிப்பு முடிந்து, வேலையும் கிடைத்துவிட்டது. இனி அங்கே என்ன இருக்கிறது? ஜனவரியில் காண்ட்ராக்ட் முடிகிறது, வந்துவிடு என்று கேட்டால் "பாக்கலாம்" என்கிறாள். பாக்கலாம் என்றால் இல்லை என்று அர்த்தம். இன்றைக்குச் சனிக்கிழமை. நேராகக் கேட்டுவிடுவது என்று வீடியோ காலைப் போட்டு, போனை மசாலா டப்பாவில் சாய்த்து வைத்தாள்.

ரத்தினபாய் திரையில் வந்ததும் மகளைப் பார்க்கவில்லை. பாத்திரத்தைப் பார்த்தாள்.

"கறியக் கொத்துனப்புறம் கழுவுனியா?"

"கழுவாம? கடைக்காரன் கட்டையைப் பாத்தியா நீ?"

"கொத்துறதுக்கு முன்னால கழுவணும்டி. இப்ப அது தண்ணி குடிச்சிக்கினு கீது. நல்ல துணியில கட்டிப் புழி. பொட்டுக்கடலை மாவு இன்னும் ஒரு கை போடு. இன்னா படிச்சியோ."

பிழிந்தாள். கோபமெல்லாம் கைக்கு இறங்க, துணியிலிருந்து வெளிறிய நீர் சொட்டியது. மாவு சேர்த்து உருட்டி, அடுப்பை மறுபடி பற்றவைத்துப் போட்டாள். அங்கே அம்மாவும் பற்றவைத்தாள். இரண்டு வாணலிகளும் ஒன்றாகச் சத்தமிட்டன. கொஞ்ச நேரம் அது ஒரே சமையலறைபோல இருந்தது.

அம்மா சமைக்கும்போது ருசி பார்க்க மாட்டாள். சமைக்கிறவள் நாக்குக்கு எதுவும் தெரியாது என்பாள். முதல் உருண்டை எப்போதும் ஜெரூஷாவுக்கு. ஊதி ஊதி, "வாயத் தொற, உப்பு பாரு" என்று ஊட்டுவாள். தெருவில் விளையாடிக்கொண்டிருந்தாலும் கூப்பிட்டு ஊட்டுவாள்.

திரையில் அம்மா ஒரு உருண்டையை எடுத்தாள். ஊதினாள். கையைக் கீழே, திரைக்கு வெளியே நீட்டினாள்.

"உப்பு பாரு."

மென்று விழுங்கும் நேரம். பிறகு ஒரு பிஞ்சுக் குரல், தெளிவாக: "கொஞ்சம் கம்மியா கீது, ரத்னா."

ஜெரூஷாவின் கை நின்றுவிட்டது. கீது. கல்லூரியில் முதல் வாரமே அந்தச் சொல்லுக்காக வகுப்பு மொத்தமும் அவளைப் பார்த்துச் சிரித்தது. நாக்கைக் கடித்துக் கடித்து விட்டொழித்தாள். அதைக் கடல் தாண்டி ஏதோ ஒரு குழந்தை அம்மா வாயிலிருந்து எடுத்து வைத்துக்கொண்டிருக்கிறது.

"உனக்கு அங்கயே பொண்ணு இருக்கு. அப்புறம் ஏன் வரப்போற?"

அம்மா தீயைக் குறைத்தாள். "அதுக்கு ஆறு வயசுடி. அவங்கம்மா வேலைக்குப் போயிடறாங்க. பசிக்குதுன்னு அது யார்கிட்ட சொல்லும்?"

"நான் யார்கிட்ட சொன்னேன்?"

கூடத்தில் அப்பா டிவி சத்தத்தைக் குறைத்தார். அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள், வியர்வையைத் துடைப்பதுபோல. பிறகு, "உன்து செவந்துடுச்சு பாரு, எடு" என்றாள்.

எடுத்தாள். இந்த முறை உடையவில்லை. கையில் உருட்டிய வரிகள்கூட அப்படியே இருந்தன. அப்பாவிடம் கொடுக்கலாம். அவர் எதைக் கொடுத்தாலும் நல்லா இருக்கு என்பார். தானே தின்னலாம். சமைத்தவள் நாக்கு.

விரல் சுட, அதைப் பிடித்து ஊதினாள். போனுக்கு நேராக நீட்டினாள்.

"உப்பு எப்டிக் கீதுன்னு பாரும்மா."

ரத்தினபாய் ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தாள். பிறகு திரைக்கு மிக அருகில் வந்து, கண்ணை மூடி, வாயைத் திறந்தாள்.