முள் எட்டைத் தொடட்டும்

மாமியாராகப் போகிறவளை நிலக்கரி லாரியில் ஏற்றிக்கொண்டு கணவாய் தாண்டக் கிளம்பியவனை என்னவென்று சொல்வது? காதலுக்குக் கண் இல்லை என்பார்கள். பெய்ஷெனுக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. மறுத்துப் பேச வாய்தான் வரவில்லை.

யோசனை அனார்குல்லுடையது. நிலக்கரிச் சுரங்கத்து எடைமேடையில் லாரிகளுக்குச் சீட்டு எழுதுகிறவள். சீட்டு வாங்க ஒரு நிமிடம் போதும்; பெய்ஷென் கால் மணி நேரம் வாங்குவான். இரண்டு வருடம் இப்படிப் போனபிறகு அவளே சொல்லிவிட்டாள்:

"கணவாய் தாண்டிக் கரா-பால்தாவுல மாமா வீட்டு விருந்து. அம்மாவை நீயே கூட்டிட்டுப் போ. அங்க பெரியவங்க நம்ம விஷயத்தைக் கேப்பாங்க. அம்மா சரின்னா சரி, இல்லேன்னா இல்லை. வழியில அம்மா என்ன சொன்னாலும் 'சரிம்மா'ன்னு மட்டும் சொல்லு. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினே, நான் வேற வண்டிக்குத்தான் சீட்டு எழுதணும்."

"சரி" என்றான் பெய்ஷென். முப்பத்தெட்டு வயதில் வேறென்ன சொல்வான்?

அம்மாவின் பெயர் குமுஷாய். சூசாமிர் கிராமத்தில், ஐப்பசி மாதத்துப் பனி வெளுத்துக் கிடந்த காலையில், பளீரென்ற வெள்ளை முக்காடும் எண்ணெயில் பொரித்த போர்சோக் ரொட்டி மூட்டையுமாக வந்து நின்றாள். கரி லாரியைப் பார்த்தாள். இருக்கையில் மூன்று செய்தித்தாள்களை விரித்து, அதன்மேல் ஒரு போர்வையை விரித்து, அதன்மேல் உட்கார்ந்தாள்.

"பன்னெண்டு மணிக்குக் கறி பரிமாறுவாங்க. அதுக்குள்ள நான் அங்க இருக்கணும்."

"சரிம்மா."

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. அந்த விருந்தில் செம்மறியின் வால்பக்கத் துண்டு வந்திருக்கும் பெண்களில் மூத்தவளுக்கு. மூத்தவள் குமுஷாய். அவளைவிட மூன்றே மூன்று மாதம் இளையவள் சித்தப்பா மகள் ஜூரகான். குமுஷாய் வராவிட்டால் துண்டு ஜூரகானுக்குப் போய்விடும். போன வருடம் காய்ச்சலில் படுத்ததால் போய்விட்டது. அதைப் பற்றி ஜூரகான் ஒரு வருடமாக ஊரெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறாள். இதைப் பொறுத்துக்கொள்ள குமுஷாய் என்ன மரக்கட்டையா?

பெய்ஷென் சாவியைத் திருகினான். பிரேக்குக்கான ஏர் குறைவு என்று எச்சரிக்கும் பஸ்ஸர் 'கீ' என்று கத்த ஆரம்பித்தது. அது கத்துகிற வரையில் குமுஷாய் ஒரு வார்த்தை பேசவில்லை. முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். நின்றதுதான் தாமதம், இவள் ஆரம்பித்தாள். பஸ்ஸரே தேவலை என்று நினைத்துக்கொண்டான் பெய்ஷென்.

"அதான் நின்னுடுச்சே. கிளம்பு."

"சரிம்மா. முள் எட்டைத் தொடட்டும்."

ஏர் மீட்டரின் முள் ஐந்தில் இருந்தது. ஆறுக்கு வந்தது. ஆற அமர ஏழுக்கு வந்தது.

"இப்போ கிளம்பு."

"சரிம்மா" என்று சொல்லிவிட்டுக் கீழே இறங்கினான். சக்கரத்துக்கு முட்டுக்கொடுத்த கட்டைகளை எடுத்தான். குழாய்களைத் தடவினான். ஏறி வந்தான். ஹேண்ட் பிரேக்கை விடாமலே கியர் போட்டுப் பார்த்தான். வண்டி முக்கியது, நகரவில்லை. திருப்தி. பிரேக்கை விட்டு இரண்டு கஜம் உருட்டி, பிரேக் பெடலை ஓர் அழுத்து அழுத்தினான். போர்சோக் மூட்டை குமுஷாயின் மடியிலிருந்து எகிறிக் காலடியில் விழுந்தது.

"எங்க ஊர்ல குதிரைக்குக்கூட இவ்வளவு சோதனை கிடையாதுடா!"

"சரிம்மா."

ஏற்றம் முழுக்க அவள் பேசினாள், அவன் சரி சொன்னான். சுரங்கப்பாதை தாண்டி வடக்கு வாசலில் வெளியே வந்ததும், செங்குத்தான இறக்கம் தொடங்குகிற இடத்தில், பெய்ஷென் ஓரங்கட்டி நிறுத்தினான். இன்ஜினையும் அணைத்தான். குமுஷாய் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து மணி.

"இப்ப என்ன?"

"இறங்குறதுக்கு முன்னாடி ஒரு தடவை பார்த்துடணும். அம்மா, தப்பா நினைக்காதீங்க, ஒரு உதவி. என் சீட்டுல உக்காந்து பெடலை மிதிச்சுப் பிடிச்சுக்கறீங்களா? நான் கீழ போய்க் கேக்கணும்."

இருபத்தாறு டன் வண்டியின் பெடலில் குமுஷாயின் பூட்ஸ் கால் ஏறியது. பெய்ஷென் கட்டைகளை வைத்துவிட்டு அடியில் புகுந்தான். பின் அச்சுப் பக்கம் 'உஸ்ஸ்' என்று ஒரு மெல்லிய சத்தம். ஒரு ஏர் குழாய் இரும்பில் உரசி உரசித் தேய்ந்து விரிசல் விட்டிருந்தது.

"போதும்மா, விட்டுடுங்க. குழாய் ஒழுகுது. மாத்தணும்."

"எவ்வளவு நேரம்?"

"ஒரு மணி நேரத்துக்குள்ள முடிச்சிடறேன்."

குமுஷாய் இறங்கி வந்து வண்டியோரமாக நின்றாள். அடியில் மல்லாந்து கிடந்த பெய்ஷெனுக்கு அவளுடைய பூட்ஸ் மட்டுமே தெரிந்தது. அந்த பூட்ஸிலேயே கோபம் தெரிந்தது.

"இத்தனூண்டு சத்தத்துக்கா? என் கெட்டில் இதைவிட ஜாஸ்தியா சீறும். கிளம்பு."

"சரிம்மா" என்றபடி ஸ்பேனரைப் போட்டுத் திருகினான்.

"சரி சரிங்கறே, உன் வண்டி மாட்டேங்குதே! இப்பக் கிளம்புறியா இல்லையா?"

பெய்ஷென் கண்ணை மூடிக்கொண்டான். எடைமேடை ஜன்னல் மனதில் வந்தது.

"முடியாதும்மா."

"என்னது?"

"முடியாதும்மா. இந்த இறக்கத்துல இந்தக் குழாயோட நான் இறங்கமாட்டேன்."

"உனக்கு என் பொண்ணு வேணுமா, இந்த ரப்பர்க் குழாய் வேணுமா?"

"ரெண்டும் வேணும்மா. குழாய் முதல்ல."

பூட்ஸ் இரண்டும் தரையை உதைத்தன. "கல்யாணமும் கிடையாது, கத்திரிக்காயும் கிடையாது! அனார்குல்கிட்ட நானே சொல்லிக்கறேன்!"

சற்றுத் தள்ளி மிர்லானின் புதுச் சீன லாரி நின்றது. இன்ஜினை அணைத்துவிட்டு ஒதுங்கப் போயிருந்த மிர்லான் பாண்ட்டை இழுத்துவிட்டபடி வந்தான். சுரங்கத்து டிரைவர்களிலேயே வேகமானவன் என்று பேர்; அந்தப் பேரை அவனே வைத்துக்கொண்டான் என்றும் பேச்சு உண்டு.

"என்னக்கா, நம்ம முள்ளுக்காரன் வண்டியிலயா வந்தீங்க? அவன் பேரப்பிள்ளை கல்யாணத்துக்குப் போய்ச் சேர்ந்துடலாம். வாங்க, ஒண்ணரை மணி நேரத்துல கரா-பால்தா."

பூட்ஸ் நகர்ந்தன. பெய்ஷென் தலையைத் திருப்பிப் பார்த்தான். பூட்ஸ் நடந்தன, மிர்லான் வண்டியின் படியில் ஏறின, மறைந்தன. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. எல்லாம் முடிந்தது. அழுகை வந்தது. ஆனால் கையில் ஸ்பேனர் இருக்கிறதே, பாதித் திருகலில் விடமுடியுமா? திருகிக்கொண்டே அழுதான்.

மிர்லான் இன்ஜினைக் கிளப்பினான். 'கீ' என்று பஸ்ஸர் கத்தியது. நிற்கவில்லை. கத்தக் கத்தவே கியர் விழுகிற சத்தம் கேட்டது. வண்டி இழுத்துப் பிடித்துக்கொண்டு முனகியபடி ஒரு முழம் நகர்ந்தது.

"கத்துதேடா" என்றது குமுஷாயின் குரல்.

"அது சும்மா கத்தும்க்கா. போகப் போக நின்னுடும்."

"நிறுத்து."

"அக்கா, ஒண்ணுமில்ல..."

"நிறுத்துடா! நிறுத்து! கதவைத் திற!"

மலையே எதிரொலித்தது. படியில் பூட்ஸ் தெரிந்தன. தரைக்கு வந்தன. ஓடாத குறையாக நடந்து பெய்ஷெனின் சக்கரத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றன. மிர்லான் ஹாரனை அலறவிட்டபடி இறக்கத்தில் போய்விட்டான்.

பூட்ஸ் இலேசாக நடுங்குவதைப் பெய்ஷென் பார்த்தான். குளிராக இருக்கும் என்று நினைத்தான்.

"எவ்வளவு நேரம் ஆகும்னு சொன்னே?"

"இன்னும் அரை மணிம்மா."

"ஆகட்டும். மறுபடியும் மிதிக்கணும்னா சொல்லு."

குழாய் மாறியது. வெளியே வந்தவனின் கரி முகத்தில் கண்ணீர்க் கோடு இருந்தது. ஏர் ஏற்றி, இன்ஜினை அணைத்து, அவள் மிதித்தாள், அவன் கேட்டான். சத்தமில்லை. மீண்டும் கிளப்பினான். முள் ஏழரைக்கு வந்தது. ஏழரையே தாராளம். நேரமாகிவிட்ட குற்ற உணர்ச்சியில் பெய்ஷென் ஹேண்ட் பிரேக்கில் கை வைத்தான். புறங்கையில் சுளீரென்று ஓர் அடி விழுந்தது.

"எட்டுன்னு சொன்னியே. இன்னும் அரை இருக்கு."

சின்ன கியரில் போட்டு, இன்ஜினின் பிடியிலேயே, பெடலை எப்போதாவது தொட்டு, மாட்டு வண்டி வேகத்தில் இறங்கினான். வழியெல்லாம் அவள் வாய் திறக்கவில்லை. அதுதான் பெய்ஷெனுக்கு அதிக பயமாக இருந்தது. மலையடிவாரத் தேநீர்க் கடையில் மிர்லான் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்து கையசைத்தான். அவனுக்கு அன்று ஒன்றும் ஆகவில்லை.

கரா-பால்தா வந்து சேர்ந்தபோது மணி ஒன்றரை. கறி பரிமாறி முடிந்திருந்தது. ஜூரகான் வால்பக்கத் துண்டின் எலும்பைச் சீவிச் சீவித் தின்றுகொண்டிருந்தாள். இவர்களைப் பார்த்ததும் இன்னும் மெதுவாகச் சீவினாள்.

வீட்டுக்காரர், குமுஷாயின் தம்பி அசனாகுன், தாடியைத் தடவிக்கொண்டு கேட்டார்: "அக்கா, இதுதானா பையன்? எப்படி?"

பெய்ஷென் கரி படிந்த கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"பேச்சுக் கேக்கமாட்டான்" என்றாள் குமுஷாய். "வழி நெடுக சரி சரின்னான், ஒண்ணையும் செய்யலை. கிளம்புன்னேன், கிளம்பலை. பொண்ணு கிடையாதுன்னேன். அழுதான். அப்பவும் கிளம்பலை."

பெரியவர்கள் தலையை ஆட்டினார்கள்.

"என் வீட்டுக்காரரு என் பேச்சைத் தட்டினதே இல்லை" என்றாள் அவள். குரல் இறங்கியது. "இருபத்திரண்டு வருஷம் முன்னாடி விருந்துக்குச் சர்க்கரை பத்தலை. நேரமாச்சு, நேரமாச்சுன்னு வாசல்ல நின்னு நான்தான் விரட்டினேன். அவரோட லாரி கத்திக்கிட்டே இருந்தது. 'என்ன இது கத்துது'ன்னேன். 'போகப் போக நின்னுடும்'னாரு. போனாரு. தினமும் அப்படித்தான் போவாரு. தினமும் ஒண்ணும் ஆகலை. அன்னைக்குத் திரும்பி வரலை."

ஜூரகானின் கத்தி நின்றது.

"என் பொண்ணுக்கு என் பேச்சைக் கேக்காத மாப்பிள்ளைதான் வேணும். முடிச்சிடுங்க."

ஜூரகான் கண்ணைத் துடைத்துக்கொண்டு தன் தட்டை இவள் பக்கம் தள்ளினாள். குமுஷாய் அதைப் பார்த்தாள்.

"நக்கின எலும்பை யாருக்குடி தள்றே?"

அசனாகுன்தான் முதலில் சிரித்தார். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். குமுஷாய் முக்காட்டால் மூக்கைத் துடைத்துக்கொண்டு பெய்ஷென் பக்கம் திரும்பினாள்.

"என்ன மரம் மாதிரி நிக்கறே? நாலு வாய் அள்ளிப் போட்டுக்கிட்டுச் சீக்கிரம் கிளம்பு. கரி இறக்க வேணாமா?"

"சரி அத்தை" என்றான் பெய்ஷென். பிறகு முட்டுக்கட்டைகளைச் சரியாக வைத்தோமா என்று பார்த்துவர வாசலுக்குப் போனான்.