பாட்டில்லாமல் கடக்காதே

பெண் வீட்டு வாசலில் கார்கள் வரிசை கட்டி நின்றன. முதல் கார் ரஸ்லானுடையது; மாப்பிள்ளை அவன் தம்பி ஹைஸம். பூவும் ரிப்பனுமாகக் கார் ஜோராகத்தான் இருந்தது, வாய் மட்டும் அடைத்துப் போயிருந்தது. வரும்போது தொண்டை கிழியப் பாடிய சிடி பிளேயர், எல்லாரும் உள்ளே போய்க் காப்பி குடித்துவிட்டு வருவதற்குள் மூச்சை நிறுத்திவிட்டது. கால் வலிக்கிறது என்று காரிலேயே உட்கார்ந்துவிட்ட அம்மாவை ரஸ்லான் கேட்டான்.

"எனக்கென்னடா தெரியும்? நான் பாட்டுக்குத் தஸ்பீஹ் மணி உருட்டிக்கிட்டு இருந்தேன்."

"சிடியில கீறல் விழுந்திருக்கும்," என்றான் சித்தப்பா மகன் ஸுஹ்தி. அவனுக்கு எதுவும் தெரியாது, ஆனால் எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருப்பான்.

"விளக்கே எரியலடா. கீறல் எங்கேருந்து வந்துச்சு?"

"அப்ப லென்ஸ்ல தூசி."

"தூசி உன் மண்டையில. தள்ளு அந்தப் பக்கம்."

அந்தப் பிளேயருக்குப் பின்பக்கத்து ஒயர் எப்போதும் லூஸ். பள்ளத்தில் ஏறி இறங்கினால் நின்றுவிடும், ஒரு குத்து விட்டால் பாடும். ரஸ்லான் குத்தினான். இன்னொரு குத்து. பிறகு பேனாக்கத்தியால் நெம்பி வெளியே இழுத்து, ஒயர்களை ஒவ்வொன்றாக அழுத்திச் சொருகினான். ஒரு முனகலாவது கேட்காதா என்று சத்தத்தை முழுக்கத் திருகி வைத்துக் காதைக் கொண்டுபோனான். ஒன்றும் இல்லை. கோட்டு, சட்டை எல்லாம் வியர்வையில் நனைந்து ஒட்டிக்கொண்டன.

அவன் பதறியதற்குக் காரணம் உண்டு. ஊருக்குள் திரும்பும் வளைவில், சாலையை ஒட்டி உம்மு தாமிரின் வீடு. அவருடைய ஒரே மகன் தாமிர், ரஸ்லானோடு இர்பித் நகருக்குப் போகும் லைனில் வண்டி ஓட்டியவன், போன மாதம் மாரடைப்பில் போய்விட்டான். அக்கம்பக்கத்தில் துக்கம் இருந்தால் அனுமதி கேட்காமல் யாரும் கல்யாணம் வைக்க மாட்டார்கள். ரஸ்லானும் அம்மாவும் போய்க் கேட்டார்கள். உம்மு தாமிர் துக்க வீட்டுக் கசப்புக் காப்பியை ஊற்றிக் கொடுத்துவிட்டுச் சொன்னார்:

"தாராளமா நடத்துங்க. ஆனா என் வாசல் வந்ததும் பாட்டை அமத்திட்டுப் பூனை மாதிரி போகக் கூடாது. இப்பல்லாம் என் வீட்டைக் கண்டாலே எல்லாரும் குரலைத் தாழ்த்துறாங்க. என் வீடு என்ன கபர்ஸ்தானா? பாட்டில்லாம கடந்தீங்கன்னா, இனி உங்க வாசப்படி மிதிக்க மாட்டேன்."

"என் தலைமேல, கண்மேல, பெரியம்மா," என்று ரஸ்லான் வாக்குக் கொடுத்திருந்தான்.

குலவைச் சத்தத்தோடு பெண் வந்தாள். இனி நிற்க முடியாது. பின்சீட்டில் பெண்ணும் மாப்பிள்ளையும், முன்சீட்டில் மடியில் கைப்பையோடு அம்மா. ரஸ்லான் வண்டியை எடுத்தான்.

"விடுண்ணா," என்றான் ஹைஸம். "பாட்டு இல்லாட்டி என்ன, நாங்க பேசிக்கிட்டு வர்றோம்."

"நீ வாயத் திறக்காதே."

மேடு ஏறும்போது ரஸ்லான் ஒரு சிகரெட்டை உதட்டில் வைத்துக்கொண்டு, டாஷ்போர்டில் இருந்த லைட்டரை அமுக்கினான். காத்திருந்தான். வெளியே எடுத்துத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்தது. லைட்டருக்கும் பிளேயருக்கும் ஒரே ஃபியூஸ். வண்டியை ஓட்டியபடியே ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைத் தட்டித் திறந்து விரலால் துழாவினான். அந்த ஃபியூஸ் எரிந்துபோயிருக்கவில்லை. அது இருந்த இடமே காலியாக இருந்தது. ஃபியூஸுக்குக் கால் முளைக்காது. டிரைவருக்கு வாழ்க்கைப்பட்டு டிரைவரைப் பெற்றவளுக்கு அது எங்கே இருக்கும் என்று தெரியாமலும் இருக்காது.

"உம்மா, பையில என்ன வெச்சிருக்கே?"

"ரோட்டைப் பார்த்து ஓட்டு."

"நான் வாக்குக் கொடுத்திருக்கேன்மா!"

"பிள்ளையைப் புதைச்சவ வாசல்ல மேளம் கொட்டிட்டுப் போவியா? அவ வாய் சொல்லிச்சுடா, வயிறு சொல்லல. உனக்கு அது புரியாது."

வளைவு நெருங்கியதும் பின்னால் ஒவ்வொரு காராகப் பாட்டு அடங்கியது. ஹாரன்களும் நின்றன. எல்லாரிடமும் அம்மா முன்பே சொல்லிவைத்திருக்கிறார் என்பது ரஸ்லானுக்கு அப்போதுதான் புரிந்தது. இவன் மட்டும் கேட்க மாட்டான் என்றுதான் ஃபியூஸில் கை வைத்திருக்கிறார்.

வளைவில் உம்மு தாமிர் கறுப்பு உடையில், இரண்டு கையிலும் மிட்டாய்த் தட்டை ஏந்தி நின்றார். வண்டிகள் ஓசையில்லாமல் வருவதைப் பார்த்ததும் தட்டு மெல்லத் தாழ்ந்தது. ஹாரனை அடிக்கலாம் என்றால், வழி விடச் சொன்னது போல ஆகிவிடும். ரஸ்லான் வண்டியை அவர் முன்னால் நிறுத்தினான். அவர் ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

"நீயுமாடா?"

"பிளேயர் கெட்டுப்போச்சு, பெரியம்மா."

"எல்லா வண்டியிலயுமா கெட்டுப்போச்சு?"

ரஸ்லான் அம்மாவைப் பார்த்தான். அவர் பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். காட்டிக்கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. கீழே குனிந்தான். இந்தக் கோடையில் வைப்பர் யாருக்கு வேண்டும்? வைப்பர் ஃபியூஸைப் பிடுங்கிக் காலி இடத்தில் சொருகினான்.

சத்தத்தை முழுக்கத் திருகி வைத்தது அவனுக்கு மறந்தே போயிருந்தது. தப்லா மேளமும் புல்லாங்குழலும் ஒன்றாக வெடித்தன. பெண் அலறினாள், அம்மா வாயைப் பொத்திக்கொண்டார். குறைக்கக் கை நீட்டிய ரஸ்லானின் மணிக்கட்டை, ஜன்னலுக்குள் கைவிட்டுப் பிடித்துக்கொண்டார் உம்மு தாமிர்.

"குறைக்காதே. அவன் இதைவிடச் சத்தமா வைப்பான்."

தட்டிலிருந்த மிட்டாயை அள்ளிக் காரின் மேல் வீசினார். பிறகு நிமிர்ந்து, வாயருகே கையைக் கொண்டுபோய்க் குலவையிட்டார். அது உயர்ந்து போய்ப் பாதியில் உடைந்தது. வாய் திறந்தபடியே இருக்க, குரல் மட்டும் வரவில்லை.

அம்மா கதவைத் திறந்து இறங்கினார். கைப்பை தெருவில் விழுந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உம்மு தாமிரை மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, உடைந்த இடத்திலிருந்து அந்தக் குலவையை அவரே எடுத்து முடித்தார்.

பின்னாலிருந்த கார்கள் ஒவ்வொன்றாக ஹாரன் அடிக்கத் தொடங்கின.