ஒரு சிம்முக்கு மூன்று கொட்டேஷன்

ஸ்டோர் சூப்பிரண்டு மேஜையில் ஒரு முழுத்தாளை விரித்து, ஸ்கேல் வைத்து, ஐந்து கட்டம் போட்டார். கம்பெனியின் பெயர், எத்தனை நாள், எவ்வளவு டேட்டா, விலை, குறிப்பு. அரசாங்கப் பேனாவில், அரசாங்கத் தாளில், அரசாங்க நேரத்தில் அவர் தன் சொந்த சிம் கார்டுக்கு ஒப்பீட்டுப் பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்தார்.

அந்த அலுவலகத்தில் துடைப்பம் வாங்கினாலும் மூன்று கொட்டேஷன் வேண்டும். பினாயிலுக்கும் மூன்று. மனுஷன் பெண் பார்க்கப் போனதுகூட மூன்று வீட்டுக்குத்தான் என்று அவர் முதுகுக்குப் பின்னால் ஊழியர்கள் சொல்லிச் சிரிப்பார்கள். இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் அவர் வாயிலிருந்து வராத வார்த்தை ஒன்றே ஒன்றுதான்: 'தெரியாது.' சூப்பிரண்டுக்குத் தெரியாதது இருக்கலாமா? இருந்தால் சுவருக்கு இருக்கிற மரியாதைகூட மிஞ்சாதே!

வெளிநாட்டில் இருக்கும் ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். டாக்டர் குறித்த தேதிக்கு எட்டு நாள் முன்னால் போய்ச் சேரும்படி டிக்கெட் எடுத்தாயிற்று. "வலி வர்றப்போ அம்மா என் கையைப் பிடிச்சுட்டு நிக்கணும்" என்று மகள் மூன்று மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். அப்பாவைப் பற்றி அப்படி எந்தக் கோரிக்கையும் வரவில்லை. ஆனாலும் பயண நிர்வாகம் முழுவதும் அப்பா கையில்.

வந்த கொட்டேஷன்கள் மூன்று. ஒன்று, இங்கே இருக்கிற நம்பரையே அங்கேயும் ஓட்டும் ரோமிங். இரண்டு, டிராவல்ஸ்காரர் தரும் வெளிநாட்டு சிம். மூன்றாவது ஈ-சிம். இதுதான் விலை குறைவு, அதனால் இதுவே தேர்வு. 'குறிப்பு' என்ற கட்டம் மூன்றுக்குமே காலியாக இருந்தது. விலைக் கட்டம் நிரம்பிய பிறகு குறிப்புக் கட்டத்தை யார் பார்க்கிறார்கள்?

பணம் கட்டினார். சரக்கு வரவில்லை. ஒரு மெயில் வந்தது. அதில் கறுப்பு வெள்ளையில், க்யூ.ஆர். கோடு என்கிற ஒரு கட்டம், எறும்புக் கூட்டம் நெருப்பில் விழுந்த மாதிரி.

"சிம் எங்கே?" என்றார் வீட்டில், போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி.

"என்னைக் கேட்டா?" என்றாள் மனைவி.

"உன்னைக் கேக்கலை. பொதுவாச் சொன்னேன்."

ஈ-சிம்முக்கு அட்டையே கிடையாதாம்; அந்தக் கட்டத்தை போன் கேமரா பார்த்தால் சிம் போனுக்குள் ஏறிவிடுமாம். கட்டமோ அதே போனுக்குள் இருக்கிறது. தன் முதுகைத் தானே பார்ப்பது எப்படி? யோசித்தார். குளியலறைக் கண்ணாடிக்கு எதிரே போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு ஐந்து நிமிஷம் நின்றார். கண்ணாடியில் அவர் முகம்தான் தெரிந்தது. அதுவும் குழம்பித்தான் இருந்தது.

"ஏங்க, ஆபீஸ்ல அந்த டைப்பிஸ்ட் பொண்ணைக் கேளுங்களேன். அவ தங்கச்சி வெளிநாட்டுலதானே இருக்கா?"

"எனக்குக் கீழ வேலை பாக்கறவகிட்ட நான் போய்க் கேக்கணுமா? நல்லாயிருக்கு உன் யோசனை!"

மறுநாள் அவளிடம்தான் போனார். கேட்கவில்லை, உத்தரவு போட்டார். "இது ஒரு சர்க்குலர். ஒரு பிரிண்ட் எடும்மா."

டைப்பிஸ்ட் தாளைப் பார்த்தாள். "சார், இது ஈ-சிம் ஆச்சே? இதை இப்பவே போட்டுடாதீங்க. சில பிளான்ல போன்ல ஏத்தின நிமிஷத்துலேர்ந்தே நாள் எண்ண ஆரம்பிச்சுடும். என் தங்கச்சி..."

"நீ வெளிநாடு போயிருக்கியா?"

"இல்ல சார்."

"நான் போகப்போறேன். பிரிண்டைக் குடு."

ஸ்டோரில் ஒரு சட்டம் உண்டு. வந்த சரக்கை அன்றைக்கே பிரித்து, சோதித்து, 'நல்ல நிலையில் பெறப்பட்டது' என்று கையெழுத்துப் போட வேண்டும். அந்தச் சட்டப்படி, பயணத்துக்குப் பத்து நாள் முன்பாக, தாளை மேஜையில் வைத்து, போனைக் காட்டி, ஈ-சிம்மை ஏற்றினார். திரையில் ஒரு பச்சை டிக் விழுந்தது. சரக்கு நல்ல நிலையில் பெறப்பட்டது. விலை குறைவென்று எடுத்த ஏழு நாள் பிளான் அந்த நிமிஷமே ஓட ஆரம்பித்தது. மெயிலின் அடியில் பொடி எழுத்தில் இதெல்லாம் இருந்தது. ஆனால் கோப்பைப் படிப்பது கிளார்க் வேலை. சூப்பிரண்டு கையெழுத்துப் போடுகிறவர் அல்லவா!

ஊர் சிம்மை போனிலேயே விட்டால் வெளிநாட்டில் காசை உறிஞ்சிவிடும் என்று கேன்டீனில் யாரோ சொன்னது காதில் விழுந்திருந்தது. அதை நோண்டி எடுத்து, கவரில் போட்டு, ஒட்டி, மேலே 'சிம் - ஒன்று' என்று எழுதி பீரோவில் வைத்தார். மனைவியின் போனையும் அணைத்து அதே பீரோவுக்குள் தள்ளினார்.

"என் போன் எதுக்கு உள்ள போகுது?"

"ஒரே இடத்துக்குப் போறவங்களுக்கு ரெண்டு போன் எதுக்கு? உனக்கு வேணும்னா என்கிட்ட கேளு."

பீரோ பூட்டப்பட்டது. கல்யாணமான நாளாக அந்த வீட்டில் எல்லாம் அவரிடம் கேட்டால்தான் கிடைக்கும். யாரிடமும் எதையும் கேட்கக் கூடாத ஒரே ஆள் அவர்தான்.

விமானம் காலை எட்டு மணிக்கு இறங்கியது. பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளிக்கூடத்துக்கு வந்தார்கள். மாப்பிள்ளை வாசலில் நிற்பதாகப் பேச்சு. மாப்பிள்ளையைக் காணோம். சூப்பிரண்டு போனை எடுத்தார். 'சேவை இல்லை' என்றது. அணைத்துப் போட்டார். மறுபடி 'சேவை இல்லை.' ஜன்னல் பக்கம் போய்த் தூக்கிப் பிடித்தார், வானத்துக்கு ஆரத்தி காட்டுகிற மாதிரி. அப்போதும் இல்லை.

விமான நிலையத்தில் இலவச வைஃபை உண்டு என்று சுவரில் எழுதியிருந்தது. தொட்டார். 'உங்கள் போன் நம்பரைக் கொடுங்கள், அதற்கு ஒரு குறியீடு அனுப்புகிறோம்' என்றது. நம்பரைக் கொடுத்தார். குறியீடு போயிற்று. நேராக அவர் வீட்டுப் பீரோவுக்குள் இருந்த ஒட்டிய கவருக்குப் போயிற்று. சூப்பிரண்டுக்குத் தலை சுற்றியது. நெட் வேண்டுமென்றால் நம்பர் வேண்டும். நம்பர் பூட்டிக் கிடக்கிறது. சரி, ஈ-சிம்முக்கு ஒரு நம்பர் இருக்குமே? தேடினார். அது டேட்டா மட்டும் தருகிற பிளானாம், நம்பரே கிடையாது. நம்பர் இல்லாத சிம் எப்படி சிம்? கதவு இல்லாத வீடா? அப்படியே இருந்தாலும், பத்து நாளைக்கு முன்னால் பச்சை டிக் போட்டதே, அந்தப் பச்சை எங்கே போயிற்று?

பத்தடி தூரத்தில் சிம் விற்கிற கவுன்டர் இருந்தது. பக்கத்திலேயே 'உதவி' என்று பெரிய பலகை. இரண்டு இடத்திலும் ஆள் இருந்தார்கள். சூப்பிரண்டு எழுந்து, இன்ஸ்பெக்‌ஷன் போகிறவர் போலக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கவுன்டரைக் கடந்தார். திரும்பி ஒருமுறை கடந்தார். மூன்றாவது முறை அங்கிருந்த பெண், "ஏதாவது உதவி வேண்டுமா?" என்று இங்கிலீஷில் கேட்டாள்.

"சும்மா பார்க்கிறேன்" என்றார் அவரும் இங்கிலீஷில்.

வந்து உட்கார்ந்தார்.

"என்னங்க, மாப்பிள்ளை?"

"டிராஃபிக்ல மாட்டியிருப்பார். இங்கெல்லாம் டிராஃபிக் ஜாஸ்தி."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

ஒன்பது மணி ஆயிற்று. பத்து ஆயிற்று. அவர் போனை அணைத்தார், போட்டார், செட்டிங்ஸுக்குள் நுழைந்து வெளியே வரும் வழி தெரியாமல் அலைந்தார். ஒரு இடத்தில் 'நீக்கவா?' என்று கேட்டது. கேள்வி கேட்டால் பதில் சொல்லிப் பழகியவர், 'ஆம்' என்றார். ஈ-சிம் மொத்தமாகவே காணாமல் போயிற்று. நெற்றியில் வியர்த்தது. ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

"அவ குரலையாவது ஒரு தடவை கேட்டுடறேன். போன் போடுங்க" என்றாள் மனைவி.

"போட்டேன். எடுக்கலை."

பொய் சொல்லும்போதும் அவர் குரல் கோப்பில் எழுதுவது போலத் தெளிவாகத்தான் இருக்கும். ஆனால் இந்தப் பொய் தப்பான இடத்தில் போய் விழுந்தது. அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"எடுக்கலையா? அவளா, அவரா?"

"ரெண்டு பேரும்தான்."

"மாசமா இருக்கறவ போனை எடுக்கலை. கூட்டிட்டுப் போக வர்றவரும் எடுக்கலை. நீங்க டிராஃபிக்குங்கறீங்க!" அவள் எழுந்துவிட்டாள். "போனைக் குடுங்க."

"உனக்கு இதெல்லாம் புரியாது..."

"குடுங்கன்னா!"

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்தக் குரலை அவர் கேட்டதில்லை. கொடுத்துவிட்டார். அவள் திரையைப் பார்த்தாள். 'சேவை இல்லை.' கணவனைப் பார்த்தாள். மகளுடைய நம்பரைத் திரையில் எடுத்துக்கொண்டு, கூடத்தில் தரை துடைத்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் போய் நின்றாள். இவள் பாஷை அவளுக்குத் தெரியாது, அவள் பாஷை இவளுக்குத் தெரியாது. இவள் நம்பரைக் காட்டினாள், வயிற்றின் மேல் கையை வட்டமாக வைத்துக் காட்டினாள், பிறகு தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினாள். அந்தப் பெண் துடைப்பானைச் சுவரில் சாய்த்தாள். ஈரக் கையை உடுப்பில் துடைத்தாள். தன் போனை எடுத்து நம்பரை அழுத்திக் கொடுத்தாள். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இதைச் செய்யத்தான் ஸ்டோர் சூப்பிரண்டால் இரண்டு மணி நேரமாக முடியவில்லை.

"அத்தை!" மகளுடைய போனை எடுத்த மாப்பிள்ளை, இவள் குரலைக் கேட்டதும் கத்தினது கூடத்துக்கே கேட்டது. "எங்க இருக்கீங்க? விடியறப்பவே வலி வந்துடுச்சு. அவளை விட்டுட்டு என்னால நகர முடியலை. டாக்ஸி பிடிச்சு வந்துடுங்கன்னு ஆஸ்பத்திரி விலாசத்தோட மாமாவுக்குப் பத்து மெசேஜ் போட்டேன். ஒண்ணுகூடப் போய்ச் சேரலை! அம்மா வந்தாச்சா, அம்மா வந்தாச்சான்னு உயிரை விடறா அத்தை!"

டாக்ஸியில் நாற்பது நிமிஷம். அந்த நாற்பது நிமிஷமும் மனைவி ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். சூப்பிரண்டு இரண்டு முறை தொண்டையைக் கனைத்தார்.

அவர்கள் அறைக்குள் நுழைந்தபோது குழந்தை பிறந்து இருபது நிமிஷம் ஆகியிருந்தது. பெண் குழந்தை. நல்லபடியாகப் பிறந்திருந்தது. மகளுடைய முகம் வெளுத்து, முடி நெற்றியில் ஒட்டிக் கிடந்தது. அம்மாவைப் பார்த்ததும் கையை நீட்டினாள். அம்மா பாய்ந்து பிடித்துக்கொண்டாள்.

"இப்ப பிடிச்சு என்னம்மா? எல்லாம் முடிஞ்சுடுச்சு" என்றாள் மகள், அழுதுகொண்டே சிரித்து.

சூப்பிரண்டு கட்டில் காலருகே நின்றார். "அந்தக் கம்பெனிக்காரன் ஒழுங்கா எழுதலைம்மா. மூணு கொட்டேஷன் வாங்கி முறைப்படிதான்..."

"அப்பா." மகள் அம்மாவின் கையை விடாமலே சொன்னாள். "சிம் வேலை செய்யலைன்னா பரவாயில்லப்பா. யாருக்கு வேணா நடக்கும். ஏர்போர்ட்ல அத்தனை பேர் இருந்தாங்களே, ஒருத்தர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா அம்மா எட்டேமுக்காலுக்கெல்லாம் கிளம்பியிருப்பாங்க. நான் கத்தினப்போ இங்க இருந்திருப்பாங்க."

அவருக்கு வாதாடத் தோன்றியது. பழக்கம். ஆனால் எந்த விதியைக் காட்டுவது? கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"எனக்குத் தெரியலைம்மா" என்றார். "அதை எப்படிப் பண்றதுன்னு எனக்குத் தெரியவே இல்லை. கேக்க வெக்கமா இருந்துது."

இருபத்தெட்டு வருஷமாக வராத வார்த்தை. கூரை இடிந்து விழவில்லை. குழந்தை கொட்டாவி விட்டது.

மத்தியானம் மாப்பிள்ளை, "நான் கூட வரவா மாமா?" என்று கேட்டதற்கு, "வேணாம், நானே போய்க் கேட்டுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த போன் கடைக்குப் போனார். கல்லாவில் இருந்த அம்மாளிடம் தன் கோப்பு இங்கிலீஷில் சொன்னார்: "எனக்கு ஒன்றும் தெரியாது. மெதுவாகச் சொல்லுங்கள்."

அவள் சிரிக்கவில்லை. "இன்றைக்கு இதைக் கேட்கிற ஆறாவது ஆள் நீங்கள்" என்றாள் சாவகாசமாக. பிறகு சொன்னாள்: உங்கள் போன் ஈ-சிம்மை ஏற்குமா என்று முதலில் பார்க்க வேண்டும். பேசவும் முடியுமா, டேட்டா மட்டுமா என்று கேட்க வேண்டும். நாள் எப்போதிலிருந்து எண்ணப்படும் என்று கேட்க வேண்டும். குறியீடு வருகிற ஊர் சிம்மை வீட்டில் விட்டு வரக் கூடாது; ரோமிங் டேட்டாவை மட்டும் அணைத்துவிட்டுக் கையோடு கொண்டுவர வேண்டும். முக்கியமான நம்பர்களை ஒரு தாளில் எழுதி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ள வேண்டும்.

காலியாகக் கிடந்த குறிப்புக் கட்டத்தில் எழுத வேண்டியது மொத்தமும் இவ்வளவுதான். கேட்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

பேசவும் முடிகிற சிம் ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு அறைக்குத் திரும்பினார். மனைவியின் மடியில் பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். போனை மனைவி பக்கம் நீட்டினார்.

"இனிமே இது உன்கிட்டயே இருக்கட்டும். நம்பர் எழுதின தாளும் இருக்கு."

அவள் வாங்கிக்கொண்டாள். வேண்டாம் என்று சொல்லவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை.

"ஒண்ணு சொல்றேன், கேட்டுக்குங்க" என்றாள். "தெரியாதவனுக்கு வழியில போற யார் வேணும்னாலும் உதவுவாங்க. தெரிஞ்ச மாதிரி உக்காந்திருக்கானே, அவனுக்குப் பெண்டாட்டியால்கூட உதவ முடியாது."