வண்டியில் இருந்த துப்பாக்கி

என் வீட்டுக்காரர் தமிழரசுக்குக் கோழி அறுக்கத் தெரியாது. அறுக்கிற இடத்தில் நிற்கவே மாட்டார். கறிக்கடைக்குப் போனால் அவர் ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார், நான்தான் நின்று வாங்கி வரவேண்டும். அப்பேர்ப்பட்ட மனுசன் எங்கள் குட்டியானையின் பின்கதவில் முழ நீளத்துக்குத் துப்பாக்கிப் படம் ஒட்டியே தீருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றார்.

குட்டியானை என்பது எங்கள் சின்னச் சரக்கு வண்டி. வெண்ணந்தூர்ப் பக்கம் எங்கள் ஊர். அங்கிருந்து மஞ்சள் மூட்டை ஏற்றிக்கொண்டு நாமகிரிப்பேட்டைக்குப் போவதும் வருவதும்தான் பிழைப்பு. பெரும்பாலும் நானும் கூடப் போவேன். போனால்தான் அவர் நேரத்துக்குச் சாப்பிடுவார்.

இந்தத் துப்பாக்கிப் பைத்தியம் ஒரு அறை வாங்கியதில் ஆரம்பித்தது. ராசிபுரம் ரோட்டில் வழிவிடச் சொல்லி ஹாரன் அடித்ததற்கு ஒரு கார்க்காரன் இறங்கி வந்து இவர் கன்னத்தில் பளீரென்று அறைந்துவிட்டுப் போனான். அவன் கார்க் கண்ணாடி முழுக்கக் கட்சி ஸ்டிக்கர். இவர் கன்னத்தைத் தடவிக்கொண்டார். நான் கதவைத் திறந்து இறங்குவதற்குள் கார் போய்விட்டது.

"அவனுக்கு எங்கிருந்து வந்துது அந்தத் தைரியம்? ஸ்டிக்கர்லருந்து வந்துது," என்றார் வீட்டுக்கு வந்து. "நம்ம வண்டியிலயும் ஒட்டுனா எவன் கிட்ட வருவான்?"

அப்போது ஒன்றியக் கவுன்சிலர் தேர்தல் வந்திருந்தது. எங்கள் ஊர் அறிவுமதி நின்றார். இவருக்குப் பள்ளிக்கூடத் தோழர். அறிவுமதி படத்தையும் துப்பாக்கியையும் சேர்த்துப் போடுவது என்று இவரே முடிவு செய்து, சேலம் அஸ்தம்பட்டியில் ஸ்டிக்கர் கடை வைத்திருக்கும் வாஜித்திடம் போய் நின்றார். நானும் பின்னாலேயே போனேன்.

வாஜித் கம்ப்யூட்டரில் படத்தைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "போட்டோ போடறேன், பேரு போடறேன். துப்பாக்கி மட்டும் வேணாம்ணே."

"ஏப்பா?"

"என் பைக்ல 786 ஒட்டறதுக்கே நான் நாலு தடவ யோசிக்கறேன். ஒட்டுறவங்க ஒண்ணு நெனச்சு ஒட்டறாங்க, பாக்கறவங்க வேற ஒண்ணு நெனச்சுக்கறாங்க. பின்னாடி வர்றவன் எவன்னு நமக்கு எப்படிண்ணே தெரியும்?"

"கேட்டீங்களா? தொழில் பண்ற தம்பியே வேண்டாங்குது," என்றேன்.

"நீ சும்மா இரு புள்ள. ஒட்டப்போறது என்ற வண்டியில."

வாஜித் என்னைப் பார்த்தான். நான் என்ன செய்ய? அரை மணி நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. இடது பக்கம் அறிவுமதி கும்பிட்டுக்கொண்டு சிரித்தார். வலது பக்கம் கன்னங்கரேலென்று துப்பாக்கி. அடியில் சிவப்பு எழுத்தில் 'உரசிப் பார்'. அந்த மனுசன் ஓட்டுக் கேட்கிறாரா, மிரட்டுகிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. இவர் மட்டும் எட்டி நின்று பார்ப்பதும் கிட்டப் போய்ப் பார்ப்பதுமாகப் புது மாப்பிள்ளை போலப் பூரித்துப்போனார்.

உண்மையைச் சொல்லவேண்டும். அதற்கப்புறம் பின்னால் வந்தவர்கள் கொஞ்சம் ஒதுங்கித்தான் வந்தார்கள். இவரும் நிமிர்ந்து உட்கார்ந்து ஓட்டினார். எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு பிளாஸ்டிக் காகிதத்தை ஒட்டியதும் மனுசன் மாறிவிடுவானா?

என் மாமியார் ஆத்தாயிக்கு எரிச்சல் இல்லை, பயம். "எடுத்துப்போடு சாமி. பாக்கவே பகீருங்குது," என்று தினமும் சொன்னார்.

"ஓட்டு முடியட்டும்மா," என்பார் இவர்.

மகன் கேட்கவில்லை என்றதும், மகன் யார் சொன்னால் கேட்பான் என்று யோசித்திருக்கிறார். அவருக்குத் தோன்றியவர் மாதேஸ்வரன். என் வீட்டுக்காரருக்குப் பெரியப்பா மகன். தாயில்லாமல் என் மாமியார் கையால் சோறு தின்று வளர்ந்தவர், இப்போது வெண்ணந்தூரில் இருக்கிறார். இந்தத் தேர்தலில் எதிர்க் கட்சிக்கு வேலை செய்தார். அதனால் எங்கள் வீட்டுப் பக்கம் தலை வைத்தே படுக்கவில்லை, எங்கள் வண்டியையும் பார்க்கவில்லை. ஆனாலும் சித்தி பேச்சை அவர் தட்டமாட்டார் என்று அத்தைக்கு நம்பிக்கை.

பிரச்சாரம் முடிகிற நாள். நாங்கள் மூட்டையோடு காலையிலேயே கிளம்பிவிட்டோம். மத்தியானம் அத்தை போன் போட்டிருக்கிறார். மாதேஸ்வரன் கட்சிப் பையன்களோடு சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எச்சில் கை என்பதால் போனை ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்.

"மாதேசு, தம்பி வண்டியில துப்பாக்கி வெச்சிருக்கறான் சாமி. எனக்கு ஈரக்கொலையே நடுங்குது. நீ சொன்னாக் கேப்பான். எப்படியாச்சும் எடுத்துப்போடு."

"எப்பலருந்து சித்தி?"

"போன வாரத்துலருந்து. அந்த அறிவுமதிகூடச் சேந்து இப்புடி ஆயிட்டான்."

"இப்ப எங்கிருக்கறான்?"

"நாமகிரிப்பேட்டைக்குப் போயிருக்கறான். திரும்பி வார நேரந்தான்."

அவ்வளவுதான் பேச்சு. எங்கள் வழக்கில் 'வண்டியில' என்றால் வண்டியின் மேலே என்றும் ஆகும், வண்டிக்குள்ளே என்றும் ஆகும். அத்தை ஒன்றைச் சொன்னார். கேட்டவர்கள் இன்னொன்றைக் கேட்டார்கள். தங்களைச் சுடத்தான் வைத்திருக்கிறான் என்று இலையை மூடிவிட்டு எழுந்துவிட்டார்கள்.

நாமகிரிப்பேட்டையில் மூட்டையை இறக்கிவிட்டு, வெறும் சாக்குகளோடு ராசிபுரம் பார்த்து வந்துகொண்டிருந்தோம். வெயில் கொளுத்தியது. ஏரிக்கரை வளைவில் ஒரு கார் குறுக்கே நின்றது. முன்கண்ணாடியில் எதிர்க் கட்சி வேட்பாளர் முகம், பானெட்டில் கொடி. பக்கத்தில் பைக்குகள். "மாதேசண்ணன் கார்தான்," என்று இவர் சிரித்துக்கொண்டே பிரேக் போட்டார்.

ஒரு இரும்புக் குழாய் எங்கள் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே வந்தது. கண்ணாடித் தூள் என் மடியெல்லாம் கொட்டியது. ஏழெட்டுப் பேர் இருப்பார்கள். இவரைச் சட்டையோடு பிடித்துக் கீழே இழுத்து, வண்டியோடு சாய்த்து, வயிற்றில் மிதித்தார்கள். மூக்கு உடைந்து ரத்தம் வாய்க்குள் போயிற்று.

"எடுறா துப்பாக்கிய! எங்கடா வெச்சிருக்கற?"

"என்னதுங்க?"

"துப்பாக்கிடா! வண்டியில துப்பாக்கி வெச்சிருக்கறயாமா?"

இவருக்கு அப்போதுதான் புரிந்தது. அந்த நிலைமையிலும் புரிந்துவிட்டதே என்று முகத்தில் ஒரு தெளிவு வந்தது. அதை நான் பார்த்தேன். "அதுங்களா? பின்னாலங்க! பின்னால இருக்குதுங்க!" என்று கத்திக்கொண்டே, பின்கதவைக் காட்ட வலது கையைப் பின்னுக்கு வீசினார்.

"இடுப்புல கை போடறான்டா!" என்று ஒருவன் அலறினான்.

"வெட்டாத, டேய்!" என்று காரிலிருந்து மாதேஸ்வரன் கத்தினார். கொடுவாள் அதற்குள் இறங்கிவிட்டது. மணிக்கட்டுக்குக் கீழே கை தனியாகத் தார் ரோட்டில் விழுந்தது. இவர் விழுந்த கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

சீட்டுக்கு அடியில் ஜாக்கி ராடு கிடந்தது. எடுத்துக்கொண்டு இறங்கி, கொடுவாள் வைத்திருந்தவன் வாயிலேயே போட்டேன். பல்லும் ரத்தமுமாகக் கொட்டியது. அவன் மண்டியிட்டதும் தோளில் இன்னொன்று போட்டேன், எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. எனக்குக் கொஞ்சங்கூடக் கூசவில்லை. இன்றைக்கும் கூசவில்லை. மற்றவர்கள் பைக்கைப் போட்டது போட்டபடி வயலுக்குள் ஓடினார்கள்.

மாதேஸ்வரன் மட்டும் ஓடவில்லை. பக்கவாட்டில் தாவி வண்டிக்குள் ஏறிச் சாக்குகளை ஒவ்வொன்றாக உதறினார். மஞ்சள் தூள்தான் பறந்தது. பின்கதவை உள்ளிருந்து தள்ளித் திறந்து இறங்கி, அதைச் சாத்தினார். சாத்தியவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதானா?" என்றார்.

நான் என் முந்தானையைக் கிழித்து இவர் முழங்கையில் இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தேன்.

"மைதிலி, சித்தி போன்ல சொன்னது இதையா? இந்தப் படத்தையா?"

அப்போதுதான் போன் விஷயம் எனக்குத் தெரிந்தது. "உங்களையும் கொல்றதுக்கு எனக்கு நேரமில்லீங்க. கார எடுங்க," என்றேன்.

வெட்டுப்பட்ட கையை இவருடைய துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டேன். சூடாகவே இருந்தது. வழியில் சோடாக் கடையில் ஐஸ் வாங்கிப் பையில் போட்டு அதற்குள் வைத்தோம். சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீக்கிரம் போனால் கையைச் சேர்த்துவிடலாம் என்று கடைக்காரர் சொன்னார். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் போனேன். பின்சீட்டில் இவர் தலை என் தோளில் கிடந்தது. மாதேஸ்வரன் அழுதுகொண்டே ஹாரனை விடாமல் அமுக்கினார்.

ராசிபுரம் தாண்டியதும் அறிவுமதி கட்சியின் ஊர்வலம். எங்கள் காரின் முகப்பில் எதிரி வேட்பாளர் சிரித்துக்கொண்டிருந்தார். யாருக்கும் வேறெதுவும் தெரியவில்லை. "ஊர்வலத்துக்குள்ள ஹாரன் அடிக்கறயா? அவ்வளவு கொழுப்பாடா?" என்று சூழ்ந்துகொண்டார்கள். பானெட்டில் ஏறிக் குதித்தார்கள். கொடிக்கம்பால் பக்கக் கண்ணாடியை உடைத்தார்கள். மாதேஸ்வரனை ஜன்னல் வழியாகவே முகத்தில் குத்தினார்கள்.

"உள்ள இருக்கறது உங்க ஆளுடா! அறிவுமதி ஆளு! ஆஸ்பத்திரிக்கு உடுங்கடா!" என்று நான் கத்தினேன்.

"நல்லா நடிக்கறா பாரு," என்றான் ஒருவன். கம்பு மறுபடி உள்ளே வந்து இவர் விலாவில் இடித்தது. இவர் முனகினார்.

நான் பையைப் பிரித்துக் கையை வெளியே எடுத்தேன். விரலைப் பிடித்துத் தூக்கி அவன் முகத்துக்கு நேராகக் காட்டினேன். அவன் வாந்தி எடுத்தான். கூட்டம் விலகியது. விலகி என்ன செய்ய? முன்னாலும் பின்னாலும் வேனும் டிராக்டருமாக அடைத்துக்கொண்டு நின்றன. உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஒரு வாய்ப்புத் தாருங்கள் என்று மைக்கில் அறிவுமதி கெஞ்சிக்கொண்டிருந்தார். அந்த ஊர்வலம் முழுக்கக் கடந்து போகும்வரை, ஐஸ் உருகி என் புடவை நனைய, நாங்கள் அங்கேயே நின்றோம். அன்றைக்கு என் கையில் மட்டும் நிஜத் துப்பாக்கி இருந்திருந்தால் ஊர்வலத்தில் பாதிப் பேரைச் சுட்டிருப்பேன்.

சேலத்தில் டாக்டர் பையைப் பிரித்துப் பார்த்தார். "கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தா முயற்சி பண்ணிருக்கலாம்மா," என்றார். பையைத் திரும்ப மூடினார்.

மாதேஸ்வரன் ஆஸ்பத்திரி வாசலில் வீங்கிய முகத்தோடு உட்கார்ந்திருந்தார். போலீஸ் வந்து பேரைக் கேட்டதும் எழுந்து அவர்களோடு போய்விட்டார். என்னிடமும் கேட்டார்கள். ஜாக்கி ராடு உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

மறுநாள் காலை இவருக்கு நினைவு தெளிந்தது. கட்டுப் போட்ட கையை வெகுநேரம் பார்த்தார். இடது கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது. கால்மாட்டில் அத்தை நின்றிருந்தார்.

"துப்பாக்கி இருக்குதுன்னு அவங்களுக்கு எவன் சொன்னான் புள்ள?" என்று இவர் என்னைக் கேட்டார்.

அத்தை என் கையைப் பிடித்து அழுத்தினார். சொல்லிவிடாதே என்று கெஞ்சும் பிடி. எனக்குப் பொய் வராது, அதுவும் கோபத்தில் வரவே வராது. ஆனாலும் வாயை மூடிக்கொண்டேன். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் அத்தையே சொன்னார்.

"நாந்தான் சாமி. ஒட்டியிருக்கறதத்தான் சொன்னேன். எடுக்கச் சொல்லத்தான் சொன்னேன். நான் தப்பா எதும் சொல்லலியே சாமி!"

தப்பில்லைதான். சொன்னது அத்தனையும் நிஜம். எங்கே வைத்திருக்கிறான், என்ன துப்பாக்கி என்று கேட்கத்தான் அங்கே ஒருத்தனுக்கும் தோன்றவில்லை. ஆனால் அதை எடுத்துச் சொல்லி அத்தையைத் தேற்ற என் மனம் இடம் கொடுக்கவில்லை.

"நீ சொன்னப்பவே கிழிச்சுப் போட்டிருக்கோணும்மா," என்றார் இவர். குரலில் கோபமே இல்லை. அதுதான் அத்தையை உடைத்துவிட்டது.

"இந்த வாயி, இந்த வாயி!" என்று தன் வாயில் தானே ஓங்கி அறைந்துகொண்டார். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. தடுக்க இவர் எழப் பார்த்தார். ஒரு கை இல்லை, ஒரு கை ஊசியில் மாட்டிக் கிடந்தது. "புள்ள, அம்மாளப் புடி!" என்று என்னைப் பார்த்துக் கதறினார். முதல் அடியை நான் தடுக்கவில்லை. இரண்டாவதையும் தடுக்கவில்லை. மூன்றாவதற்குத்தான் எழுந்து போய் அத்தையின் கையைப் பிடித்தேன்.