உப்பாபீஸ் மணி

மணி அடித்ததும் பாத்திகளில் நின்ற பெண்கள் அத்தனை பேரும் உப்பு வாரும் பலகையை அங்கங்கே போட்டுவிட்டு வரப்பேறினார்கள். அஞ்சம்மாள், வயிற்றுப்பிள்ளையோடு தள்ளாடிய மருமகள் சந்தியாவைக் கைபிடித்து முதலில் மேலே ஏற்றிவிட்டாள்.

வெள்ளைக்காரன் கட்டிய உப்பாபீஸின் மணி அது. அந்தக் காலத்தில் வெயில் ஏறுவதற்குள் அடிப்பார்கள். அடித்துவிட்டால் பாதி வாரிய உப்பு அப்படியே கிடக்கும். இன்னும் ஒரு இழுப்பு இழு என்று எந்தக் கொம்பனும் சொல்ல முடியாது. அஞ்சம்மாள் வாக்கப்பட்டு வந்த புதிதில்கூட அந்த வழக்கம் இருந்தது. அப்புறம் மணி தொங்கிய உத்திரம் உளுத்து விழுந்தது. அன்றிலிருந்து மேஸ்திரி கலியமூர்த்தி வைத்ததுதான் நேரம். போன வாரம் உச்சி வெயிலில் சந்தியா மயங்கிப் பாத்திக்குள்ளேயே விழுந்தாள். அப்போதும் அந்த ஆள் வேலையை நிறுத்தவில்லை.

சுனாமியில் இடிந்த கட்டடத்தைப் புதுப்பிக்கப் பாண்டிச்சேரியிலிருந்து வந்த இன்ஜினியர் சித்தார்த்தன் பழைய கதை கேட்டபோது, இதையெல்லாம் ஒன்று விடாமல் சொன்னவள் அஞ்சம்மாள்தான். மணி வந்தால் மருமகள் பிழைத்துக்கொள்வாள் என்று நம்பினாள். அவனும் மணியைத் திரும்பத் தொங்கவிட்டு, எல்லாவற்றையும் அழகாக எழுதிப் பெரிய போர்டாக மாட்டியிருந்தான்.

திறப்பு விழாச் சாமியானாவுக்குக் கீழே விருந்தாளிகள் கைதட்டினார்கள். போட்டோக்காரர் ஓடிவந்தார்.

"கார் மறைச்சிடுச்சு. பலகையை இன்னொரு தடவை போடச் சொல்லுங்க!"

"எறங்குங்கடி எல்லாரும்," என்றார் கலியமூர்த்தி. "மணி, விழாவுக்கு வந்தவங்களுக்கு. நமக்கு மத்தியானம் வரைக்கும் வேல இருக்குது."

அஞ்சம்மாள் சித்தார்த்தனிடம் போனாள். அவன் கையில் பாதி கடித்த வடை இருந்தது.

"தம்பி, மணி அடிச்சா வேல முடிஞ்சுதுன்னு நீங்கதானே எழுதி மாட்டியிருக்கீங்க?"

"அது ஹிஸ்டரிம்மா," என்று சிரித்தான். பல்லிடுக்கில் பருப்பு ஒட்டியிருந்தது.

மணி போன பிறகு மாமியாரும் நாத்தனாரும் வெயிலில் வெந்து கிடந்த கதையை இவன் வாயில் கொண்டுபோய்ப் போட்டோமே என்று அவளுக்குத் தன் மேலேயே அருவருப்பாக இருந்தது. காறித் துப்பலாம் என்றால் வாயில் எச்சில் இல்லை.

திரும்பிப் பார்த்தாள். சந்தியா அதற்குள் பாத்தியில் இறங்கிவிட்டிருந்தாள்.

"நீ ஏண்டி எறங்குன?"

"கூலி போயிடும் அத்தை. வாங்க, படம் புடிச்சு சீக்கிரம் முடிச்சிடுவாங்க."

மணி மறுபடி அடித்தது. பலகைகள் விழுந்தன. கைதட்டல் எழுந்தது. போட்டோக்காரர் மட்டும் கேமராவை இறக்கிவிட்டு எரிச்சலோடு கத்தினார்.

"ஏம்மா பச்சைப் புடவ! நீ மட்டும் போடலையே?"

பச்சைப் புடவை சந்தியாதான். கண் இரண்டும் மூடியிருக்க, ஊன்றிய பலகையை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அதன்மேல் சாய்ந்து நின்றாள்.