கொலைகாரன் எங்கே குடியிருக்கிறான்

ஒயிட்சேப்பல் பேட்டையில் அந்த இலையுதிர் காலம் முழுக்க ஒரே பேச்சுத்தான். ராத்திரியில் பெண்களை அறுத்துப் போட்டுவிட்டுக் கத்தியோடு அலைகிறவன் பெயர் யாருக்கும் தெரியாது. அதனால் அவன் எங்கே குடியிருக்கிறான், எந்தத் தொழிலில் கை பழகியவன் என்று ஆளாளுக்கு ஒன்றைச் சொன்னார்கள். காலையில் சந்துக் குழாயடியில் வாளியோடு நின்றால் எல்லாமே காதில் விழும்.

“டாக்டராத்தான் இருக்கணும். இருட்டுல அப்படி அறுக்க வேற யாரால முடியும்?”

“போடி! கசாப்புக்காரன் கண்ண மூடிக்கிட்டே அறுப்பான்.”

“எந்தத் தொழிலோ, ஆளு ஒண்டிக்கட்டை,” என்றாள் எதிர்வீட்டு ஹனோரா. சந்தில் அவள் சொன்ன பிறகு யாரும் வாய் திறப்பதில்லை. “பொண்டாட்டின்னு ஒருத்தி இருந்தா சட்டையில ரத்தத்தப் பாக்க மாட்டாளா? தெருவப் பாத்துத் தனிக்கதவு வேற இருக்கும். எப்ப வந்தான், எப்ப போனான்னு கேக்க நாதி இருக்காது.”

எல்லோர் கண்ணும் சைலஸ் கெஜ்ஜின் கதவுக்குப் போயிற்று. வீட்டுப் பூனைகளுக்குக் குதிரை இறைச்சி நறுக்கி விற்கிறவன். தனி ஆள். இடுப்பில் எப்போதும் கத்தி இருக்கும்.

குழாயடியில் நின்ற டார்கஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தாள். சைலஸ் அறைக்கு அடுத்த அறை அவளுடையது. நடுவில் பலகைச் சுவர்தான். கொலை நடந்த ஒவ்வொரு இரவும் அந்தப் பக்கம் சைலஸ் விடியவிடிய இருமியதை அவள் படுத்தபடி கேட்டிருக்கிறாள். அதை ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் தப்பித்துவிடுவான். ஆனால், நீ ஏன் தூங்கவில்லை என்று கேட்பார்களே. புருஷன் ஏமோஸ் அந்த இரவுகளில் வீடு திரும்பவில்லை என்று எப்படிச் சொல்வது?

ஏமோஸ் செருப்புப் பட்டறையில் தோல் வெட்டுகிறவன். பட்டறையில் வேலை குறைந்துவிட்டது, துறைமுகத்தில் மூட்டை தூக்க ராத்திரியே போய் நிற்க வேண்டும் என்பான். கூர்மையான கத்தி, பழகிய கை. அவன் குளிக்கப் போன சமயம் பார்த்து டார்கஸ் அவன் சட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். ஒரு கறை இல்லை. அவள் துவைக்காத சட்டை சுத்தமாக இருந்தது. அன்றிலிருந்து அவளுக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை. உட்கார்ந்தால் எழுந்தாள், எழுந்தால் ஜன்னலுக்குப் போனாள்.

அடுத்த கொலைச் செய்தி வந்த மத்தியானம் கூட்டம் சைலஸின் கதவை உடைத்தது. இறைச்சிக் கூடை தெருவில் கவிழ்ந்தது. யாரோ விட்டெறிந்த கல்லில் அவன் நெற்றி பிளந்தது.

“நான் என்னய்யா பண்ணினேன்? பூனைக்குக் கறி போடுறவன்யா நான்!”

“கட்டுங்கடா அவன!” என்று ஹனோரா கத்தினாள்.

டார்கஸ் எப்படி வெளியே வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. “விடுங்க அவர! நேத்து ராத்திரி பூரா வீட்லதான் இருமிக்கிட்டுக் கிடந்தாரு. நான் கேட்டேன்.”

“நீ ஏண்டி முழிச்சிருந்தே?” என்றாள் ஹனோரா.

“எம் புருஷன் வரல,” என்றாள். சொன்ன பிறகுதான் எல்லோர் கண்ணும் தன் கதவுக்குத் திரும்பியதைக் கவனித்தாள்.

போலீஸ் ஏமோஸைப் பட்டறையிலிருந்தே கூட்டிப்போனது. மறுநாள் பிற்பகல் ஒரு துப்பறிவாளர் டார்கஸின் அறைக்கு வந்து, தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு தயங்கி நின்றார்.

“உங்க வீட்டுக்காரர் அவன் இல்லம்மா. பாப்லர் பேட்டையிலேருந்து ஒரு பொண்ணு கைக்குழந்தையோட ஸ்டேஷனுக்கு வந்துச்சு. கொலை நடந்த ராத்திரியெல்லாம் அவர் அந்தப் பொண்ணு வீட்லதான் இருந்தாராம். அக்கம்பக்கத்துக்காரங்களும் அவர அந்தப் பொண்ணோட வீட்டுக்காரர்னுதான் சொல்றாங்க.”

டார்கஸுக்கு முதலில் சிரிப்பு வந்தது. நிற்காமல் சிரித்தாள். துப்பறிவாளர் நாற்காலியை இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை.

சாயங்காலம் ஏமோஸ் வந்தான். “என்னையப் போய்க் கொலகாரன்னு நெனச்சியேடி!”

“நெனச்சேன். நெனச்சும் வாயத் தொறக்காம உன்னைக் காப்பாத்தணும்னு கிடந்தேன் பாரு, அதுதான் ஆறமாட்டேங்குது.” அவன் துணிமூட்டையை வாசலில் வைத்தாள். “உன் சட்டையத் துவைக்கிறவகிட்டயே போ.”

அவன் போனான். கத்திக்காரன் அகப்படவே இல்லை.

சைலஸும் சந்தில் தங்கவில்லை. தப்பு அவன்மேல் இல்லை என்று தெரிந்தும் அவனிடம் ஒருவரும் கறி வாங்கவில்லை. நெற்றிக் கட்டோடு அவன் தள்ளுவண்டியில் சாமான் ஏற்றியபோது டார்கஸ் கட்டிலின் மறுமுனையைப் பிடித்தாள்.

“முன்னாடியே சொல்லியிருக்கலாமேம்மா,” என்றான்.

“சொல்லியிருக்கலாம்.”

அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான். அது பெரிய தெருவில் திரும்பும்வரை நின்றவளுக்கு வீட்டுக்குள் போகப் பிடிக்கவில்லை. சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கடைகளில் விளக்கேற்றும்வரை எதிர்ப்பக்கமாக நடந்துகொண்டே இருந்தாள்.